வராண்டாவில் கூப்பிட்ட பெயர்

சேசு மரி சூசை
ஆம்பூர், 1922 ஜனவரி 9

அன்புள்ள அக்கா சௌந்தரத்துக்கு,

தங்கை சவுரியம்மாள் எழுதுவது. சர்வேசுரன் தயவால் நானும் அவரும் குழந்தை தெரேசும் இங்கே நலம். மாரிக்குப்பத்துக் குளிரில் உன் இருமல் எப்படி இருக்கிறது? மாமாவுக்குத் தங்கச் சுரங்கத்தில் இப்போது பகல் வேலையா, ராத்திரி வேலையா? நீங்கள் கிறிஸ்மசுக்கு வந்து போனபின் வீடு வெறிச்சென்று கிடக்கிறது.

இங்கே இருந்தபோது நீ கேட்டாய், "ஏண்டி, அந்தோணியார் கோவில் இவ்ளோ கிட்ட இருக்கு, ஒரு நாளாச்சும் அவரக் கூட்டிக்கினு போகக்கூடாதா?" என்று. அவர் எதிரே உட்கார்ந்திருந்ததால் பேச்சை மாற்றிவிட்டேன். இப்போது சொல்கிறேன். சண்டையின்போது பஸ்ராவில் ரோடு போடும் பட்டாளத்தில் அவருக்கு அந்தோணி என்று ஒரு தோஸ்த் இருந்தான். குடியாத்தம் பக்கத்துப் பிள்ளை. குண்டு விழுந்து கரை சரிந்ததில் அவன் மண்ணுக்குள் போய்விட்டான். இவர் அவன் பெயரைக் கூவிக்கொண்டே வெறுங்கையால் தோண்டினாராம். எடுத்தபோது உயிர் இல்லை. அதிலிருந்து யாராவது அந்தப் பெயரை உரக்கக் கூப்பிட்டால் போதும், நின்ற இடத்தில் முட்டி போட்டு விழுந்து தரையைத் தோண்டுவார். இதை என்னிடம் ஒரே ஒரு தரம்தான் சொல்லியிருக்கிறார். "நீ யார்ட்டயும் சொல்லாத சவுரி" என்றார்.

பட்டாளத்திலிருந்து வந்து, இஷ்தியாக் அகமது சாயபுவின் தோல் பதனிடும் ஷாப்பில் வேலைக்குப் போன நாலாம் நாள், யாரோ வேறு ஒரு அந்தோணியைக் கூப்பிட, இவர் சுண்ணாம்புக் குழிக்குள் விழுந்தார். நாலு பேர் சேர்ந்து இழுத்துப் போட்டார்கள். அதன் பிறகு ஆம்பூரில் எந்த ஷாப்பிலும் அவரைச் சேர்ப்பதில்லை. தோல் பதனிட நான் ஆவாரம்பட்டை உரித்து மண்டியில் போடுவதும், சர்க்கார் கொடுக்கும் காயப் பென்ஷனும்தான் எங்களுக்குச் சோறு.

அந்தப் பென்ஷனைக் கொடுக்கலாமா நிறுத்தலாமா என்று வருஷம் ஒரு தரம் வேலூர்க் கலெக்டர் கச்சேரியில் டாக்டர்கள் கூடிப் பார்ப்பார்கள். பிப்ரவரி பதினைந்தில் வரச்சொல்லிக் காகிதம் வந்திருக்கிறது. போன வருஷம் அவர் எலும்பும் தோலுமாக இருந்தார், ஒன்றும் கேட்காமல் எழுதிக் கொடுத்தார்கள். இந்த வருஷம் நன்றாகச் சாப்பிடுகிறார், தூங்குகிறார். பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மாள் நேற்று, "உன் ஊட்டுக்காரர் மூஞ்சில இப்போதான் ரத்தம் வந்துருக்கு" என்றாள். எனக்குச் சந்தோஷம் வரவேண்டாமா? பயம்தான் வந்தது அக்கா. புருஷன் தேறிவிட்டான் என்று பயப்படுகிற பெண்சாதி வேறு எங்காவது இருப்பாளா?

எனக்கு ஒரு யோசனை எழுது. மாமாவுக்கு என் வணக்கம்.

சவுரியம்மாள்


மாரிக்குப்பம், ஜனவரி 22

அன்புத் தங்கை சவுரிக்கு,

தேவமாதா உங்கள் மூவரையும் காக்கட்டும். என் இருமல் அப்படியேதான் இருக்கிறது. உன் மாமா சுகம்.

நீ வீணாகப் பயப்படாதே. சுண்ணாம்புக் குழியில் விழுந்த கதையை டாக்டரிடம் உள்ளபடி சொல்லச் சொல். அவர்களும் மனுஷர்தானே? உன் மாமாவிடம் கேட்டேன். "இங்க முதுவுல கல்லு உழுந்தவன் டாக்டர் எதிர்ல போனா எப்டி முனகுவான் தெரியுமா? சகலைக்கு அந்த சாமர்த்தியம் கம்மி. அழுத புள்ளதான் பால் குடிக்கும்னு சொல்லு" என்றார். அவர் பேச்சு அப்படித்தான், நீ தள்ளிவிடு.

தேவசகாயம் தம்பி தேறியிருப்பது சர்வேசுரன் கொடுத்த வரம். அதற்கு முகம் சுளிக்காதே. போய் வந்ததும் எழுது. தெரேசுக்கு என் முத்தம்.

சௌந்தரம்


ஆம்பூர், பிப்ரவரி 24

அக்காவுக்கு,

எல்லாரும் இருக்கிறோம். பென்ஷன் இன்னும் ஒரு வருஷத்துக்கு உண்டு என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

அவர் ஊர் திரும்பியதிலிருந்து படுத்தே இருக்கிறார். விரலில் காயம், மருந்து போட்டுக் கட்டியிருக்கிறது. எனக்குத் தலைவலி, அதனால் அதிகம் எழுத முடியவில்லை. எனக்காக ஒரு செபமாலை சொல்லு.

சவுரியம்மாள்


மாரிக்குப்பம், மார்ச் 8

அன்புத் தங்கைக்கு,

உன் தலைவலி விட்டதா? தம்பி எழுந்து நடமாடுகிறாரா? பென்ஷன் நிலைத்ததைக் கேட்டு இங்கே கோவிலில் மெழுகுவத்தி ஏற்றினேன்.

ஆனால் எனக்கு ஒன்று புரியவில்லை. கிறிஸ்மசுக்குப் பார்த்தேனே, கிணற்றில் தண்ணீர் இழுத்தார், குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தார். டாக்டர்கள் என்னத்தைப் பார்த்து எழுதிக் கொடுத்தார்கள்? விரலில் என்ன காயம்? விவரமாக எழுது.

சௌந்தரம்


மாரிக்குப்பம், ஏப்ரல் 21

சவுரி,

நான் எழுதி ஆறு வாரம் ஆகிறது. நாங்கள் சுகம். நீ சுகமா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. ஆம்பூரிலிருந்து வந்த பெண் ஒருத்தி சொன்னாள், ஈஸ்டருக்கு நீ சுவாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனமும் செய்யவில்லை, நன்மை அப்பமும் வாங்கவில்லை என்று. கோவிலில் பின்னாலேயே நின்று பூசை முடிவதற்கு முன்பே போய்விடுகிறாயாமே. என்னடி நடந்தது? நான் உன்னைத் தூக்கி வளர்த்தவள். என்னிடம் சொல்லக்கூடாததா?

சௌந்தரம்


சேசு மரி சூசை
ஆம்பூர், மே 6

அக்காவுக்கு,

உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. உடம்புக்கு எங்களுக்குக் குறைவில்லை. சுவாமியாரிடம் சொல்ல வாய் வராததை உன்னிடம் சொல்கிறேன்.

அன்று விடிந்ததும் ரயில் ஏறி வேலூர் போனோம். கச்சேரி வராண்டாவில் முப்பது பேருக்கு மேல் காத்திருந்தார்கள். கால் போனவர்கள், கண் போனவர்கள், மூச்சு விட முடியாமல் சுவரில் சாய்ந்து கிடந்தவர்கள். அவர்கள் நடுவில் இவர் வெள்ளை வேட்டியும் வாரிய தலையுமாகக் கல்யாணத்துக்கு வந்தவர் போல நின்றார். வேட்டியை வெளுத்துக் கொடுத்தவளும் நான்தான்.

குமாஸ்தா கலீமுல்லா சாயபு பெயர் சொல்லி அழைத்தார். அறை வாசலுக்கு மூங்கில் தட்டி. தட்டிக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன். டாக்டர் இங்கிலீஷில் கேட்டதைச் சாயபு தமிழில் கேட்டார்.

"கைய நீட்டு. நல்லா தூக்கம் வர்தா?"

"வர்துங்க."

"பசி எடுக்குதா?"

"எடுக்குதுங்க."

"வேல செய்ய முடியுமா?"

"முடியுங்க. யாரும் குடுக்கமாட்டேன்றாங்க."

"ஏன்?"

அந்தக் காரணத்தைச் சொல்லவேண்டுமென்றால் அந்தப் பெயரைச் சொல்லவேண்டும். நீ எழுதியபடி சுண்ணாம்புக் குழியைப் பற்றிச் சொல்லச் சொல்லி வழியெல்லாம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். இவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். டாக்டர் ஏதோ சொன்னார். சாயபு, "நல்லா ஆய்ட்டியேப்பா. வேல கெடைக்கலன்றது பென்ஷன் விஷயம் இல்ல" என்றார். டாக்டர் பேனாவை எடுப்பது தட்டி இடுக்கில் தெரிந்தது.

என்னை அறியாமல் வாய் கூப்பிட்டுவிட்டது என்று உனக்கு எழுத நினைத்தேன். அது பொய். நான் யோசித்தேன். பட்டை மண்டி மூடிக் கிடக்கும் மழை மாசங்களை யோசித்தேன். தெரேசை யோசித்தேன். அவர் விழுந்தால் எப்படி விழுவார் என்பதையும் யோசித்தேன். பிறகு யாரையோ தேடுகிறவள் போல முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, "அந்தோணி! ஏ அந்தோணி!" என்று கத்தினேன்.

வராண்டாக் கோடியில் ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்த ஒருவர், "இன்னாம்மா, தோ இருக்கேன்" என்றார். அவர் பெயரும் அதுதானாம்.

உள்ளே நாற்காலி சாய்ந்த சத்தம் கேட்டது. கல் தரை அக்கா. இரண்டு நகம் பெயர்ந்துவிட்டது. டாக்டர் பதறி எழுந்துவிட்டார். ஒரு வருஷத்துக்கு எழுதிக் கொடுத்ததோடு, சாயபு மூலமாக எனக்கு ஆறுதலும் சொல்லி அனுப்பினார். "பாவம், நீதாம்மா பாத்துக்கணும்" என்றார் சாயபு. நான் தலையை ஆட்டினேன். அந்தத் தலையை அறுத்துப் போடலாமா என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

அதோடு முடியவில்லை. ஒரு மாசம் படுத்திருந்தவர் திடீரென்று எழுந்து உட்கார்ந்து, "சவுரி, அந்தோணி சாகல. வேலூர்ல இருக்கான். யாரோ அவனக் கூப்ட்டாங்க, அவன் 'தோ இருக்கேன்'னு சொன்னான். என் காதால கேட்டேன்" என்றார். முகமெல்லாம் சிரிப்பு. அவன் செத்தான் என்று பட்டாளத்தில் தப்பாகச் சொல்லிவிட்டார்களாம். அவனும் பென்ஷன்காரன், அதனால் அடுத்த வருஷம் அதே நாளில் வருவானாம். போன வாரம் அதுவரை பொறுக்காமல் வேலூருக்கு நடந்தே கிளம்பிவிட்டார். பள்ளிகொண்டாவில் பார்த்த ஒரு வண்டிக்காரர் ஏற்றிக்கொண்டு வந்து விட்டார்.

தினமும், "இன்னும் எத்தன மாசம்?" என்று என்னைக் கேட்கிறார். நான் விரல் விட்டு எண்ணிச் சொல்கிறேன். எந்த முகத்தோடு நன்மை வாங்க முழங்காலிடுவேன்?

பதில் எழுது. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு.

சவுரியம்மாள்


மாரிக்குப்பம், ஜூலை 28

என் கண்ணான தங்கைக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கக்கூட எனக்கு யோக்கியதை இல்லை. இரண்டரை மாசம் நான் எழுதாமல் இருந்தது உன்மேல் கோபத்தால் இல்லை.

உன் கடிதம் வந்த அன்று தாங்க முடியாமல் அழுதேன். உன் மாமா என்னவோ ஏதோ என்று பயந்து கேட்டார். வாசித்துக் காட்டிவிட்டேன். அவர் அழவில்லை. தொடையில் தட்டிச் சிரித்தார். "உன் தங்கச்சிக்கு இருக்கற மூளை சகலைக்கு இல்லியே! டாக்டரையே ஏமாத்திட்டாளே!" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, உன்னை மெச்சுவதாகத்தான் நினைத்துக்கொண்டார். அந்தப் பெருமையில் சுரங்கத்தில் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறார். கள்ளுக்கடையில் சொல்லியிருக்கிறார். எங்கள் லைன் வீடுகளில் குழந்தைகள்கூட "ஏ அந்தோணி" என்று கத்தி ஒருவன் விழுவதாக விளையாடுகிறார்கள். அதைப் பார்த்த அன்றுதான் எனக்கே தெரிந்தது.

உனக்கு எப்படி எழுதுவது என்று தெரியாமல் நாளைத் தள்ளினேன். இப்போது தள்ள முடியாது. அங்கே இஷ்தியாக் அகமது சாயபு ஷாப்புக்குப் பட்டை எடுக்கும் மேஸ்திரி முனிரத்தினத்தின் மச்சான் இங்கேதான் வேலை செய்கிறான். அவன் லீவில் ஊருக்குக் கிளம்புகிறான். வேறு யார் வாயாலும் கேட்பதற்கு முன் நீயே தம்பியிடம் சொல்லிவிடு. உன் கால்களில் விழுந்து கேட்கிறேன்.

பாவி சௌந்தரம்


ஆம்பூர், ஆகஸ்டு 4

அக்கா,

உன் கடிதம் வருவதற்கு முந்தின நாளே அந்த ஆள் வந்துவிட்டான்.

பட்டை நிறுத்துப் போடும் இடத்தில் இருபது பெண்கள் இருந்தார்கள். முனிரத்தினம் மேஸ்திரி தராசைப் பிடித்துக்கொண்டே, "இன்னா சவுரி, அந்தோணி சௌக்கியமா?" என்றான். ஒருத்தி சிரித்தாள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். நான் பட்டைக் கட்டை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். அவர் தெரேசுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொல்லிவிட்டேன். "கூப்ட்டது நான்தான். பதில் சொன்னது யாரோ ஒரு நொண்டி."

அவர் பின்னலை முடித்தார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு பாலாற்றுப் பக்கம் போனார். பொழுது சாய வந்தார். அதிலிருந்து இன்று வரை என்னோடு ஒரு வார்த்தை இல்லை. எத்தனை மாசம் என்றும் கேட்பதில்லை.

நீ இனிமேல் எனக்கு எழுதவேண்டாம். உங்கள் சுகத்துக்கு வேண்டிக்கொள்கிறேன்.

சவுரியம்மாள்


சேசு மரி சூசை
ஆம்பூர், அக்டோபர் 15

அக்கா அவர்களுக்கு,

தேவசகாயம் எழுதும் கடிதம். இங்கே மூவரும் சுகம். எனக்கு எழுத்து அவ்வளவாக ஓடாது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

சவுரி உங்களுக்கு எழுதுவதை நிறுத்திவிட்டாள். நீங்கள் போட்ட மூன்று கடிதமும் பிரிக்காமல் அரிசிப் பானைக்குப் பின்னால் கிடக்கின்றன. அவள் என் முகத்தையும் பார்ப்பதில்லை, தெருவிலும் முக்காட்டோடு போகிறாள். என்னை ஏமாற்றிவிட்டோம் என்று நினைக்கிறாள். அது சரியில்லை. அதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் எழும்பவில்லை. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

அவள் குரல் எனக்குத் தெரியாதா அக்கா? எட்டு வருஷமாகக் கேட்கிற குரல். வராண்டாவில் கூப்பிட்டது அவள்தான் என்று தரையில் விழும்போதே தெரியும். ஏன் கூப்பிட்டாள் என்பதும் தெரியும். ஆனால் இன்னொரு குரல் "தோ இருக்கேன்" என்று சொன்னது. ஆறு வருஷமாக நான் கூப்பிட்டுக்கொண்டே இருந்ததற்கு ஒரு பதில் வந்தது. அதைக் கைவிட எனக்கு மனம் வரவில்லை. கூப்பிட்டது சவுரி என்று ஒத்துக்கொண்டால், பதில் சொன்னவனும் எவனோ ஒருவன் ஆகிவிடுவான். அதனால் யாரோ கூப்பிட்டார்கள் என்று வைத்துக்கொண்டேன். அந்த மாசங்களில் அவனை உயிரோடு வைத்திருந்தேன்.

அவள் அடுப்படியில் அழுவதை நான் பார்த்தேன். எதற்கு அழுகிறாள் என்று தெரிந்தும், "இன்னும் எத்தன மாசம்?" என்று அவளிடமே போய்க் கேட்டேன். கேட்கும்போது அவள் முகம் போகும் போக்கைப் பார்த்தும் மறுநாளும் கேட்டேன். அவள் செய்தது வயிற்றுக்காக. நான் செய்தது எனக்காக மட்டும். வெட்கப்படவேண்டியவன் நான்.

இதை நீங்கள் அவளுக்கு எழுதவேண்டும். உறையின்மேல் என் பெயரைப் போடுங்கள், நானே பிரித்து அவளுக்கு வாசித்துக் காட்டுகிறேன். பிப்ரவரியில் வேலூர்க் கச்சேரிக்கு நான் போவேன். அவள் வாய் திறக்கவேண்டாம். சொல்லவேண்டியதை நானே சொல்லிக்கொள்கிறேன். சகலை மேல் எனக்கு வருத்தம் இல்லை என்று சொல்லவும்.

தேவசகாயம்


சேசு மரி சூசை
ஆம்பூர், 1923 மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் மூவரும் சுகம். அவர் பெயருக்கு நீ எழுதிய கடிதத்தை நவம்பரிலேயே எனக்கு வாசித்துக் காட்டினார். பாதியில் கடிதத்தை என்னிடம் நீட்டினார், மீதியை நான் வாசித்தேன். அப்போதே உனக்கு எழுதியிருக்கவேண்டும். கச்சேரி நாள் போகட்டும் என்று இருந்துவிட்டேன். மாமா கள்ளுக்கடைக்குப் போவதை விட்டதாக எழுதியிருந்தாய். நல்லது. அவரை ரொம்பக் கடிந்துகொள்ளாதே.

போன மாசம் பதினைந்தாம் தேதி வேலூருக்குப் போனோம். வாசலிலேயே என்னை நிறுத்தி, "நீ உள்ள வராத. அந்தாண்ட புளியமரத்தாண்ட நில்லு" என்றார். வெயில் ஏறும்வரை நின்றேன். உள்ளே நடந்ததைப் பிற்பாடு கலீமுல்லா சாயபு வெளியே வந்து எனக்குச் சொன்னார்.

டாக்டர் புதியவர். பழைய காகிதத்தைப் பார்த்து, போன வருஷம் ஏதோ ஒரு பெயரைக் கேட்டு விழுந்ததாக எழுதியிருக்கிறதே, என்ன பெயர் என்று கேட்டாராம். சாயபு போன வருஷம் அங்கேயே இருந்தவர், அதனால் சொல்லத் தயங்கினாராம். இவரே மேஜையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அந்தோணிங்க" என்றாராம். மேஜை மேலிருந்த மைக்கூடு ஆடியதாம். ஆனாலும் இவர் விழவில்லை. அவன் எப்படிச் செத்தான், தான் எவ்வளவு நேரம் தோண்டினார், சுண்ணாம்புக் குழியில் எப்படி விழுந்தார், எல்லாவற்றையும் சொன்னாராம். கடைசியில், "போன வருஷம் என் சம்சாரம்தான் கூப்ட்டா. பசிக்குப் பயந்து கூப்ட்டா. தப்புன்னா என் பேர்ல எழுதிக்கோங்க" என்றாராம்.

"அந்தக் கடைசி வார்த்தய மட்டும் நான் இங்கிலீஷ்ல சொல்லலம்மா" என்றார் சாயபு.

குணமாகிவிட்டது, இனிப் பென்ஷன் இல்லை என்று டாக்டர் எழுதிவிட்டார். அந்தக் காகிதத்தை இவர் இஷ்தியாக் அகமது சாயபுவிடம் கொண்டுபோய், "சர்க்காரே எனக்கு சீக்கு இல்லன்னு எழுதிட்டாங்க. நீங்க நம்பமாட்டீங்களா?" என்று கேட்டார். அவர் இரண்டு தரம் வாசித்துவிட்டு, குழிப்பக்கம் வேண்டாம், தோல் உலர்த்தும் இடத்தில் ஒரு மாசம் பார்க்கலாம் என்றிருக்கிறார். பத்து நாளாகப் போகிறார். முனிரத்தினம் மேஸ்திரி ஒரு நாள் வேண்டுமென்றே அந்தப் பெயரைக் கத்தினானாம். இவர் தோலைக் கீழே போட்டுவிட்டு, கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாராம். பிறகு எழுந்து வேலையைப் பார்த்தாராம். நாளைக்கு எப்படியோ, தெரியாது. ஷாப்புப் பக்கமிருந்து யாராவது ஓடி வந்தால் இன்னும் நான் வாசலுக்கு ஓடிவிடுகிறேன்.

போன சனிக்கிழமை பாவசங்கீர்த்தனம் செய்தேன். சுவாமியார் கொடுத்த அபராதச் செபம் சின்னதுதான். ஆனால் ஒன்றை மட்டும் அவரிடமும் சொல்லவில்லை.

வேலூரில் அன்று அவர் வேட்டியில் மண் படாமல், நடந்தே வெளியே வந்தார். புளியமரத்தடியிலிருந்து பார்த்தேன். அவர் கையைப் பார்த்தேன். நகம் எல்லாம் நன்றாக இருந்தது. அப்போது என் மனசில் முதலில் வந்தது சந்தோஷம் இல்லை அக்கா. அவர் கிட்டே வந்து என் முகத்தைப் பார்த்தார். பார்த்ததும் கண்டுகொண்டார்.

"இன்னா சவுரி, உழுந்திருக்கலாம்னு பாக்குறியா?" என்றார்.

தலையைக் குனிந்துகொண்டேன். ரோட்டில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கும் அப்டித்தான் தோணிச்சு" என்றார். "மேஜைய உட்டுட்டா போதும், இன்னொரு வருசம் ஓடிடும்னு. உடப்போனேன் சவுரி. ஒரு கைய உட்டுட்டேன்கூட."

பிறகு ஸ்டேஷனுக்கு நடந்தோம்.

உன் இருமலுக்கு இங்கே ஒருவர் சூரணம் தருகிறார், ஆள் வந்தால் கொடுத்து அனுப்புகிறேன். மாமாவுக்கு எங்கள் இருவரின் வணக்கமும் சொல்லு.

உன் தங்கை
சவுரியம்மாள்